7 ஆண்டு தண்டனை, 69 நாள் படகுப் பயணம்: கைதி மேரி பிரையன்ட்டின் கதை என்ன?

1791 மார்ச் 28, இரவு நேரம். சிட்னி துறைமுகத்திலிருந்து ஆறு துடுப்புகள் கொண்ட ஒரு படகு சத்தமில்லாமல் கிளம்புகிறது. அது ஆளுநருக்குச் சொந்தமான படகு. உள்ளே எட்டு ஆண்கள், ஒரு பெண், இரண்டு குழந்தைகள். மூத்த குழந்தைக்கு மூன்றரை வயது. இளையது ஒரு வயதுகூட நிரம்பாத கைக்குழந்தை. பெரியவர்கள் ஒன்பது பேருமே பிரிட்டனிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்.

69 நாள் கழித்து அந்தப் படகு திமோர் தீவில் கரை ஒதுங்கியது. 5,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கடல் பயணம். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பும் தூரத்தை, கூரைகூட இல்லாத ஒரு படகில் கடந்திருக்கிறார்கள். பதினோரு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

படகில் இருந்த அந்த ஒரே பெண்தான் மேரி பிரையன்ட். ஆஸ்திரேலியாவின் கைதிகள் வரலாற்றில் அதிகம் பேசப்படும் பெயர்களில் ஒன்று. அவரைப் பற்றி நாவல்களும் டிவி தொடரும் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சாகசக் கதையாகத்தான் சொல்வார்கள். ஆனா அதற்குள் வேறொரு கேள்வி இருக்கிறது: நீதிமன்றம் ஏழு ஆண்டு என்று சொன்னால், அது உண்மையில் எத்தனை ஆண்டு?

மேரி யார்? என்ன குற்றம் செய்தார்?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கடலோர மாவட்டம் கார்ன்வால். அங்கே ஃபோய் என்ற சிறிய துறைமுக ஊரில் 1765-ல் மேரி பிராட் பிறந்தார். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பம். பள்ளிப் படிப்பு கிடையாது. எழுதத் தெரியாது.

கார்ன்வாலில் அப்போது கடுமையான வறுமை. வேலை தேடி பக்கத்துத் துறைமுக நகரமான பிளிமத்துக்குப் போனார் மேரி. அங்கே இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து, சாலையில் போன ஒரு பெண்ணைத் தாக்கி, அவருடைய பட்டுத் தொப்பியையும் வேறு சில பொருள்களையும் பறித்ததாகக் கைதானார்.

1786 மார்ச் 20-ம் தேதி எக்ஸிட்டர் நகர நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தூக்குத் தண்டனை.

ஒரு தொப்பிக்குத் தூக்கா என்று இன்று தோன்றும். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்க முடியும். சாலையில் வழிமறித்துப் பறிப்பதும் அதில் ஒன்று. அத்தனை பேரையும் தூக்கிலிடுவது நடக்காத காரியம் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். அதனால் பலருக்கும் தண்டனை குறைக்கப்படும். அப்படித்தான் மேரியின் தண்டனையும் குறைந்தது: ஏழு ஆண்டுகள், கடல் கடந்து நாடு கடத்தல். நம் தாத்தா பாட்டி காலத்தில் தீவாந்திர தண்டனை என்று சொன்னார்களே, அதேதான்.

கைதிகளை ஏன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்?

அதற்கு முன்பு கைதிகள் போன இடம் அமெரிக்கா. பல்லாயிரக்கணக்கானோர் அங்கிருந்த பிரிட்டிஷ் காலனிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1775-ல் அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது.

ஆனால் நீதிமன்றங்கள் நாடு கடத்தும் தண்டனையை நிறுத்தவில்லை. சிறைகள் நிரம்பி வழிந்தன. ஓட்டத்துக்கு லாயக்கில்லாத பழைய கப்பல்களை ஆற்றிலும் துறைமுகத்திலும் நிறுத்தி, அவற்றையே சிறையாக்கினார்கள். பிளிமத் அருகே நின்ற டன்கர்க் என்ற அப்படியொரு மிதக்கும் சிறையில்தான் மேரி அடைக்கப்பட்டார்.

கடைசியில் அரசு கண்டுபிடித்த தீர்வு, 1770-ல் கேப்டன் குக் பார்த்துவிட்டு வந்த ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து பதினோரு கப்பல்கள் கிளம்பின. 'முதல் கப்பல் படை' என்று வரலாற்றில் இடம்பிடித்த பயணம் இது. எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகள், அவர்களுக்குக் காவலாகக் கடற்படை வீரர்கள், மாலுமிகள், அதிகாரிகள். தலைமை, ஆளுநராக நியமிக்கப்பட்ட ஆர்தர் ஃபிலிப்.

மேரி ஏறிய கப்பலின் பெயர் சார்லட். கிளம்பும்போதே அவர் கர்ப்பிணி. அந்த ஆண்டு செப்டம்பரில், கப்பலிலேயே பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே குழந்தைக்கும் வைத்தார்: சார்லட்.

ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் என்று சுற்றிக்கொண்டு எட்டு மாதத்துக்கும் மேல் பயணம். 1788 ஜனவரி 26-ம் தேதி சிட்னி விரிகுடாவில் பிரிட்டிஷ் கொடி ஏறியது. இன்றும் அந்த நாள்தான் ஆஸ்திரேலியா தினம். அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்த கடிகல் உள்ளிட்ட பூர்வகுடி மக்களுக்கு அது நிலம் பறிபோன நாள்.

சிட்னியில் வாழ்க்கை எப்படி இருந்தது?

வந்து இறங்கி இரண்டு வாரத்தில், பிப்ரவரி 10-ம் தேதி மேரிக்குக் கல்யாணம். அந்தக் குடியேற்றத்தில் நடந்த முதல் கல்யாணங்களில் ஒன்று. மாப்பிள்ளை வில்லியம் பிரையன்ட். அவரும் கார்ன்வால்காரர். மீனவர். சார்லட் கப்பலிலேயே வந்த கைதி.

குடியேற்றத்தில் மீன் பிடிக்கத் தெரிந்த ஆள் குறைவு. அதனால் அரசாங்கப் படகுகளையும் மீன்பிடி வேலையையும் வில்லியமிடம் ஒப்படைத்தார்கள். குடியிருக்கத் தனிக் குடிசை கொடுத்தார்கள். மற்ற கைதிகளோடு ஒப்பிட்டால் வசதியான நிலைமைதான்.

அது ஓராண்டுதான் நீடித்தது. 1789 தொடக்கத்தில், பிடித்த மீனில் ஒரு பங்கை ஒளித்து விற்றதாக வில்லியம் மாட்டினார். நூறு கசையடி. குடிசையும் போனது. ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. அவரை விட்டால் மீன் பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? படகு அவர் கையிலேயே இருந்தது. பின்னால் நடந்ததுக்கு இது முக்கியம்.

ஊரில் பசி. இங்கிலாந்தில் பழகிய பயிர்கள் அந்த மண்ணில் சரியாக வரவில்லை. 1790 மார்ச்சில் சிரியஸ் என்ற பெரிய கப்பல் நார்ஃபோக் தீவருகே பாறையில் மோதி உடைந்தது. அடுத்த மாதமே ரேஷன் வெட்டப்பட்டது. ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான மாவு, ஒரு கிலோவுக்கும் குறைவான அரிசி, அதே அளவு உப்பிட்ட பன்றி இறைச்சி. அவ்வளவுதான். அந்த நாள்களில்தான் மேரிக்கு இரண்டாவது குழந்தை இமானுவேல் பிறந்தான்.

ஜூன் மாதம் இரண்டாவது கப்பல் படை வந்தது. உணவை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் பார்த்தது வேறு காட்சி. கப்பலில் ஏற்றிய கைதிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வழியிலேயே இறந்திருந்தார்கள். மற்றவர்களில் பலர் நடக்கக்கூட முடியாத நிலையில் இறக்கப்பட்டார்கள்.

ஏழு ஆண்டு முடிந்தால் விடுதலை இல்லையா?

இங்கேதான் கதையின் முடிச்சு.

வில்லியமுக்குத் தண்டனை கிடைத்தது 1784 மார்ச்சில். அதுவும் ஏழு ஆண்டுதான். கணக்குப்படி 1791 மார்ச்சில் அவர் சுதந்திர மனிதர். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

முதல் கப்பல் படை கிளம்பியபோது கைதிகளின் தண்டனைக் காலம் எழுதிய ஆவணங்கள் கூடவே வரவில்லை. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. யாருக்கு எப்போது தண்டனை தொடங்கியது, எப்போது முடிகிறது என்பதற்கு ஆளுநர் ஃபிலிப்பிடம் காகிதம் இல்லை. தண்டனை முடிந்துவிட்டது என்று வந்து நின்றவர்களிடம், இங்கிலாந்திலிருந்து பதில் வரும்வரை பொறுத்திருக்கும்படி சொல்ல மட்டுமே அவரால் முடிந்தது. கடிதம் போய், பதில் வர ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகும்.

சரி, காகிதமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஊர் திரும்பக் கப்பல் வேண்டும். கைதிகளைக் கொண்டுவர அரசு செலவு செய்தது. திருப்பி அனுப்பும் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் கப்பலில் கூலி வேலை செய்துகொண்டே போகலாம். இரண்டு குழந்தைகளோடு இருக்கும் ஒரு பெண்?

இதற்கு மேல் இன்னொரு தடை. தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி, குழந்தைகளை விட்டுவிட்டு யாரும் குடியேற்றத்தை விட்டுப் போகக் கூடாது என்று ஆளுநர் உத்தரவு போட்டார். குடும்பங்கள் கைவிடப்படாமல் இருப்பதற்கான உத்தரவு அது. ஆனால் வில்லியம் போன்றவர்களைப் பொறுத்தவரை அதன் அர்த்தம், தண்டனை முடிந்தாலும் அங்கேயே கிடக்க வேண்டும் என்பதுதான்.

ஆக, ஏழு ஆண்டு என்பது தீர்ப்பில் மட்டும் இருந்தது. நடைமுறையில் அது ஆயுள் தண்டனை. அதுவும் பசியோடு.

தப்பிக்கும் திட்டம் எப்படி உருவானது?

1790 டிசம்பரில் உணவுப் பொருள்களோடு ஒரு டச்சுக் கப்பல் சிட்னிக்கு வந்தது. அதன் கேப்டன் டெட்மர் ஸ்மிட். அவரோடு வில்லியம் பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். ஒரு திசைகாட்டி, சூரியனின் உயரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும் கருவி, ஒரு கடல் வரைபடம், துப்பாக்கிகள் எல்லாம் அவரிடமிருந்து கிடைத்தன.

கூடவே ஏழு கைதிகள் சேர்ந்தார்கள். ஜேம்ஸ் மார்ட்டின், வில்லியம் ஆலன், சாமுவேல் பேர்ட், சாமுவேல் புரூம், ஜேம்ஸ் காக்ஸ், நத்தானியேல் லில்லி, வில்லியம் மார்ட்டன். கப்பல் ஓட்டும் கணக்கு தெரிந்தவரும் அவர்களில் இருந்தார். சுமார் 45 கிலோ மாவு, அதே அளவு அரிசி, ஆறு கிலோ பன்றி இறைச்சி, 36 லிட்டர் தண்ணீர் சேர்த்து வைத்தார்கள். பதினோரு பேருக்கு இது எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நேரத்தையும் கச்சிதமாகத் தேர்ந்தெடுத்தார்கள். குடியேற்றத்திடம் மிச்சமிருந்த ஒரே கப்பலான சப்ளை, நார்ஃபோக் தீவுக்குப் போயிருந்தது. டச்சுக் கப்பலும் மார்ச் கடைசியில் கிளம்பிவிட்டது. துரத்திக்கொண்டு வர அரசாங்கத்திடம் கப்பலே இல்லை. அந்த இரவில்தான் படகு நகர்ந்தது.

69 நாள்கள் கடலில் என்ன நடந்தது?

திட்டம் எளிது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டியே வடக்கே போய், மேல் முனையைச் சுற்றி, மேற்கே திரும்பி, டச்சுக்காரர்கள் வசமிருந்த திமோர் தீவைப் பிடிப்பது. ஆனால் அந்தக் கரையின் பெரும்பகுதிக்கு அப்போது சரியான வரைபடமே கிடையாது.

முதல் சில நாள்களில் ஓர் இடத்தில் கரையேறியபோது, நன்றாக எரியும் நிலக்கரி கிடைத்தது. இன்றைய நியூகாசில் நகரப் பக்கம் அது. பிற்காலத்தில் நிலக்கரிக்குப் பெயர்போன ஊர்.

பிறகு மழையும் புயலும் தொடங்கின. வாரக்கணக்கில் துணி காயவில்லை. அலை பெரிதாக இருந்ததால் பல நாள் கரைக்குப் போகவே முடியவில்லை. படகு கசிந்தது. கையில் கிடைத்ததை வைத்து இடுக்குகளை அடைத்தார்கள். பாரத்தைக் குறைக்க மாற்றுத் துணிகளைக் கடலில் வீசினார்கள். இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இத்தனைக்கும் நடுவே மேரியின் மடியில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி.

பெரும் பவளத்திட்டுப் பகுதியின் தீவுகளில் கடல் ஆமைகள் கிடைத்தது பெரிய ஆறுதல். அதன் இறைச்சியை உலர்த்தி எடுத்துக்கொண்டார்கள். அரிசியும் மாவும் தீரும் நேரத்தில் உயிரைப் பிடித்து வைத்தது அதுதான்.

கரையில் பூர்வகுடி மக்களையும் சந்தித்தார்கள். சில இடங்களில் சுமுகம், சில இடங்களில் விரட்டல். வடக்கு முனையில் பெரிய ஓடங்களில் வந்தவர்கள் துரத்த, கார்பென்டேரியா வளைகுடாவுக்குள் படகைத் திருப்பினார்கள். குடிக்கப் போதுமான தண்ணீர்கூட எடுக்க முடியாமல், நாலரை நாளில் அந்த வளைகுடாவைக் கடந்தார்கள். 1791 ஜூன் 5-ம் தேதி திமோரின் குபாங் துறைமுகம் கண்ணில் பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, பவுன்டி கப்பலில் கலகம் நடந்தபோது கேப்டன் வில்லியம் பிளை சிறு படகில் இறக்கிவிடப்பட்டு, இதே குபாங்குக்குத்தான் வந்து சேர்ந்தார். அது கடற்படை வரலாற்றின் பெரிய சாதனையாகப் பேசப்படுகிறது. அந்தப் படகில் இருந்தவர்கள் அனுபவமுள்ள கடலோடிகள். இந்தப் படகில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

எப்படி மாட்டிக்கொண்டார்கள்?

குபாங்கை ஆண்டது டச்சு கிழக்கிந்திய கம்பெனி. நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வணிகம் செய்த அதே கம்பெனி. தங்கள் கப்பல் உடைந்துவிட்டது, உயிர் தப்பி வந்திருக்கிறோம் என்று இவர்கள் சொன்னார்கள். பிளையின் படகை நேரில் பார்த்த ஊர் என்பதால் கதை எடுபட்டது. உணவு, துணி, தங்க இடம் எல்லாம் கிடைத்தன. ஆண்கள் வேலைக்கும் போனார்கள்.

சுமார் இரண்டு மாதம். மேரியின் வாழ்க்கையில் கைதியாக இல்லாமல் குடும்பத்தோடு அவர் வாழ்ந்தது அந்த இரண்டு மாதம் மட்டும்தான்.

பிறகு உண்மை வெளியே வந்தது. வில்லியமே போதையில் உளறிவிட்டார் என்று ஒரு கதை. கணவன் மனைவிக்குள் சண்டை வந்து, அவரே போய்ச் சொல்லிவிட்டார் என்று இன்னொரு கதை. எதுவாக இருந்தாலும் டச்சு அதிகாரிகள் அவர்களைக் காவலில் வைத்தார்கள்.

செப்டம்பரில் குபாங்குக்கு உண்மையாகவே கப்பல் உடைந்த ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. பவுன்டி கலகக்காரர்களைத் தேடிப் பிடிக்க அனுப்பப்பட்ட பண்டோரா கப்பல், ஆகஸ்ட் மாதம் பவளத்திட்டில் மோதி மூழ்கியிருந்தது. அதன் கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ், மிஞ்சிய ஆள்களோடும் கலகக்காரர்களோடும் படகுகளில் வந்திருந்தார். சிட்னி கைதிகளும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். விலங்கு பூட்டி, எல்லோரையும் பட்டாவியாவுக்குக் கொண்டுபோனார். இன்றைய ஜகார்த்தா அது.

திரும்பும் வழியில் யாரெல்லாம் மிஞ்சினார்கள்?

பட்டாவியா அப்போது காய்ச்சலுக்குப் பேர்போன ஊர். 1791 டிசம்பர் 1-ம் தேதி குழந்தை இமானுவேல் இறந்தான். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 22-ம் தேதி வில்லியமும் போய்விட்டார்.

அங்கிருந்து டச்சுக் கப்பல்களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நோக்கிப் பயணம். வழியில் ஜேம்ஸ் காக்ஸ் கடலில் விழுந்தார். சாமுவேல் பேர்ட், வில்லியம் மார்ட்டன் இருவரும் காய்ச்சலில் இறந்தார்கள்.

கேப் டவுனில் கார்கன் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு மாற்றினார்கள். அது சிட்னியிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பல். அதில் வாட்கின் டென்ச் என்ற கடற்படை வீரர் பிரிவின் அதிகாரி இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சார்லட் கப்பலில் மேரியோடு சிட்னிக்குப் போனவர். இப்போது அதே மேரி விலங்கோடு திரும்புவதைப் பார்க்கிறார். கொடுமையை எதிர்த்துப் போராடி, ஜெயிக்கும் தருணத்தில் தோற்றவர்கள் என்ற இரக்கத்தோடுதான் பின்னாளில் தன் புத்தகத்தில் இவர்களைப் பற்றி எழுதினார்.

1792 மே 6-ம் தேதி, கார்கன் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தபோது சிறுமி சார்லட் இறந்தாள். கப்பலில் பிறந்தவள், கப்பலிலேயே இறந்தாள். வயது ஐந்துகூட ஆகவில்லை. உடல் கடலில் இறக்கப்பட்டது.

சிட்னியிலிருந்து கிளம்பிய பதினோரு பேரில் ஐந்து பேர் மட்டும் அந்த ஜூன் மாதம் இங்கிலாந்தில் இறங்கினார்கள். மேரியின் குடும்பத்தில் மிச்சம் மேரி மட்டும்.

விடுதலை எப்படிக் கிடைத்தது?

நாடு கடத்தப்பட்டவர் தண்டனை முடியும் முன் தப்பி வந்தால், சட்டப்படி தூக்கு. லண்டனின் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்ட ஐவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் பத்திரிகைகள் இவர்கள் கதையை எழுதின. மக்களிடம் அனுதாபம் எழுந்தது. 1792 ஜூலையில் நீதிமன்றம் தூக்கு என்று சொல்லவில்லை. பழைய தண்டனை முடியும்வரை சிறையில் இருக்கட்டும் என்று உத்தரவிட்டது. நியூகேட் மோசமான சிறை என்று ஊருக்கே தெரியும். சிட்னியைப் பார்த்தவர்களுக்கு அது பரவாயில்லை என்று இருந்திருக்கிறது.

அப்போதுதான் ஜேம்ஸ் பாஸ்வெல் வருகிறார். வழக்கறிஞர், எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர். உள்துறை அமைச்சர் ஹென்றி டன்டாஸ் அவருக்குக் கல்லூரிக் கால நண்பர். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி, கடிதம் எழுதுவதும் நேரில் போய்க் கேட்பதுமாக விடாமல் முயன்றார்.

1793 மே 2-ம் தேதி மேரிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மற்ற நால்வருக்கும் அந்த நவம்பரில். மேரிக்கு லண்டனில் தங்க இடம் பார்த்துக் கொடுத்ததும் பாஸ்வெல்தான். பிறகு கார்ன்வாலில் இருந்த குடும்பத்தோடு சேர அனுப்பி வைத்தார். ஆண்டுக்குப் பத்து பவுண்டு உதவித்தொகையும் ஏற்பாடு செய்தார். 1795-ல் பாஸ்வெல் இறந்ததோடு அந்தப் பணம் நின்றது. மேரியைப் பற்றிய பதிவுகளும் ஏறக்குறைய அதோடு முடிகின்றன.

அப்படியென்றால் அந்த ஏழு ஆண்டு?

இப்போது தேதிகளைத் திரும்பப் பாருங்கள். தீர்ப்பு 1786 மார்ச் 20. ஏழு ஆண்டு முடிவது 1793 மார்ச் 20. மன்னிப்பு வந்தது 1793 மே 2.

அதாவது, தண்டனைக் காலம் முடிந்து ஆறு வாரம் கழித்துத்தான் மேரிக்கு மன்னிப்பே கிடைத்தது. அரசு அவருக்கு ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. தூக்கிலிருந்து காப்பாற்றியது கருணைதான், மறுக்க முடியாது. ஆனால் ஏழு ஆண்டை அவர் முழுசாக அனுபவித்து முடித்திருந்தார். கணவரையும் இரண்டு குழந்தைகளையும் இழந்தது தீர்ப்பில் எங்கேயும் எழுதப்படாத தண்டனை.

இன்னொன்றும் உண்டு. சிட்னியிலேயே பேசாமல் இருந்திருந்தாலும் 1793-ல் சட்டப்படி அவர் விடுதலையாகியிருப்பார். ஆனால் ஊர் திரும்பியிருப்பாரா? முதல் கப்பல் படையில் போன கைதிகளில் பெரும்பாலோர் கடைசிவரை திரும்பவில்லை.

இந்தக் குளறுபடியை அந்தக் காலத்திலேயே கவனித்தவர் தத்துவவாதி ஜெரமி பென்தம். தண்டனை முடிந்தவர்களைக் குடியேற்றத்தில் பிடித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1803-ல் வாதிட்டார். இந்தப் பயணத்தில் பிழைத்த ஜேம்ஸ் மார்ட்டினின் அனுபவக் குறிப்பு ஒன்று பென்தமின் காகிதங்களோடு சேர்ந்து, இன்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பாதுகாக்கப்படுகிறது. 69 நாள் பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குறிப்பிலிருந்து வருவதுதான்.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கைதிகளைக் கடல் கடத்தும் முறையைப் பிரிட்டிஷார் இந்தியாவிலும் பயன்படுத்தினார்கள். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களும் 1802-ல் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. 1858-ல் அந்தமான் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 கைதிகள் அனுப்பப்பட்டார்கள். அதில் பெரும்பாலோருக்கு ஒரு வரிப் பதிவுதான் மிச்சம்: பெயர், குற்றம், கப்பல், ஆண்டு. மேரியின் கதை நம் கைக்கு வந்தது அவர் தப்பித்து, பிடிபட்டு, பத்திரிகையில் வந்ததால்.

எழுதத் தெரியாத மேரி தன் கைப்பட எதையும் விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது. சிட்னிப் பக்கம் வளரும் ஒரு கொடியின் இலையைக் கைதிகள் தேநீர் போலக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். இனிப்பாக இருக்கும் என்பதால் அதற்கு இனிப்புத் தேயிலை என்று பேர். அந்த இலைகளில் சிலவற்றை மேரி கூடவே எடுத்து வந்திருந்தார். படகு, குபாங், பட்டாவியா, கேப் டவுன், நியூகேட் எல்லாம் தாண்டி வந்த அந்த இலைகளை அவர் பாஸ்வெல்லிடம் கொடுத்தார். பாஸ்வெல் அவற்றைத் தன் காகிதங்களுக்கு நடுவே வைத்திருந்தார்.

அந்தக் காய்ந்த இலைகள் இன்றும் இருக்கின்றன. சில அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். சில சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில். மேரி படகேறிய துறைமுகத்திலிருந்து அந்த நூலகம் நடந்து போகும் தூரம்தான்.